பி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள்... சொல்வது சித்த வைத்தியர்!

"டாக்டர், வேர், பட்டை, சூரணம்... எது வேணா குடுங்க. கெமிக்கல் மட்டும் வேணாம். இங்கிலீஷ் மாத்திரையைப் போன மாசமே தூக்கிப் போட்டுட்டேன்!"

பம்மலில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் இப்படிப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று! நான் ஒன்றும் பேசாமல் பி.பி. கருவியை எடுத்துக் கையில் சுற்றுவேன். மேல் எண் 180, 190 என்று போய் நிற்கும். "தலைவலி, மயக்கம் ஏதாவது உண்டா?" என்றால், "ஒண்ணுமே இல்லை டாக்டர், நல்லா இருக்கேன்" என்பார்கள். அதுதான் இந்த வியாதியின் சூது. வலிக்காது, எரியாது, அரிக்காது. ஒருநாள் காலையில் வாய் கோணி, கை விழுந்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியும்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். முப்பது வருஷமாகச் சூரணமும் லேகியமும் கொடுத்துப் பிழைப்பவன். 'இவர் ஏன் அலோபதி மாத்திரைக்கு வக்காலத்து வாங்குகிறார், ஏதாவது கமிஷன் வருகிறதா?' என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பைசா வருவதில்லை. உண்மையில் இப்படிப் பேசுவதால் எனக்கு நஷ்டம்தான். 'இந்த ஆளு சரியில்லை' என்று அடுத்த தெரு வைத்தியரிடம் போனவர்கள் உண்டு. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தக் 'கெமிக்கல்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்ப்போம். மிளகின் காரத்துக்குப் பின்னால் இருப்பது பைப்பரின் என்ற கெமிக்கல். மஞ்சளின் நிறம் குர்க்குமின் என்ற கெமிக்கல். எங்கள் வைத்தியத்திலோ ரசம், கந்தகம், லிங்கம், தாளகம் என்று பாஷாணங்களையே அரைத்துப் புடம் போடுகிறோம். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த ஒருவன், 'ஐயோ, கெமிக்கல்!' என்று முகம் சுளித்தால் என்னைவிடப் பெரிய பொய்யன் யார் இருக்க முடியும்? ஒரு பொருள் வேரிலிருந்து வந்ததா, கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்ததா என்பது கேள்வியே இல்லை. அது உடம்பில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் செய்கிறது, சுத்தமாக இருக்கிறதா... இந்த மூன்றும்தான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு பெண் பி.பார்ம் படிக்கிறாள். "இன்னிக்கு லேப்ல என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டேன். "பென்சிமிடஸோல் பண்ணோம் அங்கிள்" என்றாள். செய்முறையையும் சொன்னாள். பினைலின் டையமின் என்ற பொடியோடு பார்மிக் ஆசிட்டைச் சேர்க்க வேண்டும். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த அமிலம்தான் இது. இரண்டையும் கொதிநீர்ச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறிய பின் காரம் சேர்த்தால் படிகமாக இறங்குமாம். அதை மறுபடி வெந்நீரில் கரைத்து, கரித்தூள் போட்டு வடிகட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கேட்கக் கேட்க எனக்குக் கல்லூரி நாட்களில் நாங்கள் சரக்கு சுத்தி செய்தது ஞாபகம் வந்தது. (எங்கள் பாஷையில் சரக்கு என்றால் மருந்துப் பொருள். சிரிக்காதீர்கள்!)

இமிடஸோல் என்பது மூன்று கார்பன், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஐந்து முனை வளையம். அதை ஒரு பென்சீன் வளையத்தோடு ஒட்டினால் அந்தப் பெண் செய்த பென்சிமிடஸோல். 1858லேயே ஹைன்ரிக் டெபஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இமிடஸோலைத் தயாரித்துவிட்டார். இன்றைக்கு நம் வீடுகளில் பி.பி.க்குச் சாப்பிடும் லோஸார்டான் மாத்திரையின் நடுவில் இருப்பது இந்த இமிடஸோல் வளையம்தான். டெல்மிஸார்டான் மாத்திரையில் அந்தப் பென்சிமிடஸோல் இரண்டு இருக்கிறது.

'சரி, அப்போ இது செயற்கைதானே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் ஹிஸ்டிடின் என்ற புரதக்கூறு உண்டு. அதற்குள் இருப்பதும் இதே இமிடஸோல் வளையம். உங்கள் ரத்தச் சிவப்பணுவில் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஹிஸ்டிடினின் வளையம்தான். ஆக, இந்த வளையம் உங்கள் உடம்புக்கு அந்நியம் இல்லை. அதனாலேயே மாத்திரை தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. பாம்பு விஷமும் புரதம்தான். 'ஏதோ பெயிண்ட் ஃபாக்டரியிலிருந்து வந்த பொருள்' என்ற பயம் வேண்டாம் என்கிறேன், அவ்வளவே.

பாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாத்திரைகளின் கதையே ஒரு பாம்பிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சமாசாரத்தில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். கல்லீரல் உண்டாக்கும் ஒரு பெரிய புரதத்திலிருந்து ரெனின் ஒரு துண்டை வெட்டும். அந்தத் துண்டு பெரும்பாலும் நுரையீரலைக் கடக்கும்போது இன்னொரு வெட்டு வாங்கி, எட்டே எட்டுப் புரதக்கூறுகள் கொண்ட 'ஆஞ்சியோடென்சின்-2' ஆகிறது. இதுதான் ஆசாமி! ரத்தக் குழாய்ச் சுவரில் இவனுக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. போய் அதில் சாவியாக நுழைந்தால் குழாய் சுருங்கும். உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்கு உத்தரவும் போகும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்திக்கொண்டு, மோட்டாரையும் வேகமாக ஓடவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

1965ல் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் நாட்டு விஞ்ஞானி, அந்நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்து ஒரு விசித்திரமான பொருளைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டாவது வெட்டைத் தடுக்கும் சக்தி அதற்கு இருப்பது பிறகு தெரியவந்தது. அதை மாதிரியாக வைத்து அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி இருவரும் உருவாக்கிய கேப்டோப்ரில், 1981ல் அனுமதி பெற்றது. எனாலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள். பெயர் 'ப்ரில்' என்று முடியும். அருமையான மருந்துகள். ஆனால் ஒரு தொந்தரவு: சிலருக்கு வறட்டு இருமல் வரும். வெட்டுகிற அந்த நொதி, பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளையும் அழிப்பது. நொதியைக் கட்டிப் போட்டால் பிராடிகைனின் சேர்ந்துவிடுகிறது.

இதில் சித்த வைத்தியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு பாருங்கள். நாலு மாசமாக ஆடாதொடை மணப்பாகு குடித்தும் இருமல் நிற்கவில்லை என்று ஒரு அம்மா அனகாபுத்தூரிலிருந்து வந்தார். "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" "பி.பி.க்கு ஒண்ணு. அதுக்கும் இருமலுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" அட்டையைக் கொண்டு வரச் சொன்னேன். பெயர் 'ப்ரில்' என்று முடிந்தது. ஒரு சீட்டு எழுதி, மாத்திரை கொடுத்த டாக்டரிடமே அனுப்பினேன். அவர் 'ஸார்டான்' வகைக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் போயிற்று. ஆடாதொடையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த 'ஸார்டான்' எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

வெட்டைத் தடுப்பதற்குப் பதில், பூட்டையே அடைத்துவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். ஆஞ்சியோடென்சின் மாதிரியே இருக்கும் சராலாசின் என்ற போலிச் சாவியை முதலில் செய்தார்கள். பூட்டில் நுழைந்தது. ஆனால் அதுவும் புரதத் துண்டு. வாயில் போட்டால் வயிறு சீரணித்துவிடும். ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும். போதாக்குறைக்குச் சிலருக்கு அதுவே பூட்டைக் கொஞ்சம் திறந்தும் விட்டது! ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு இது சரிப்படுமா?

ஜப்பானில் டகேடா என்ற கம்பெனி, இமிடஸோல் வளையத்தில் ஓர் அமிலத்தைத் தொங்கவிட்ட சில பொருட்களுக்கு 1982ல் காப்புரிமை பெற்றது. அவை அந்தப் பூட்டில் மட்டும் போய் உட்கார்ந்தன, வேறெதையும் தொடவில்லை. ஆனால் வீரியம் ரொம்பக் குறைவு. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி விஞ்ஞானிகள் அந்தக் காப்புரிமையைப் படித்தார்கள். மற்றவர்கள் 'வீரியம் இல்லை' என்று தாண்டிப் போயிருக்கக்கூடிய இடம் அது. இவர்கள், 'பலவீனமாக இருந்தாலும் சரியான பூட்டில் உட்காருகிறதே' என்று நின்றார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டேவிட் கரினி, ஜான் டன்சியா என்ற இரண்டு வேதியியல் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் ஆஞ்சியோடென்சினின் உருவத்தை வரைந்து, அதன் மேல் ஜப்பான்காரர்களின் சின்ன மூலக்கூறைப் பொருத்திப் பார்த்தார்கள். ஆஞ்சியோடென்சினின் ஆறாவது கூறு எது தெரியுமா? ஹிஸ்டிடின்! அதன் இமிடஸோல் வளையத்தின் மேல் இந்த வளையம் உட்காருவது போல வைத்தார்கள். அமிலத்தைச் சங்கிலியின் கடைசி அமிலத்தோடு சேர்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, சின்ன மூலக்கூறு சங்கிலியின் மற்ற முனை வரை எட்டவே இல்லை என்பது. ஆக, நீளம் போதவில்லை. அந்தப் பக்கமாக நீட்டி இன்னோர் அமிலத்தைச் சேர்த்தார்கள். வீரியம் சுமார் பத்து மடங்கு ஏறியது. இன்னும் மாற்றினார்கள், வீரியம் ஏறியது, ஆனால் வாய் வழியாகக் கொடுத்தால் வேலை செய்யவில்லை. இரண்டு பென்சீன் வளையங்களை நேராகப் பிணைத்தார்கள். வாய் வழியாகவும் வேலை செய்ய ஆரம்பித்தது. கடைசியில் அந்த அமிலத்தை எடுத்துவிட்டு, நாலு நைட்ரஜன், ஒரு கார்பன் கொண்ட டெட்ரஸோல் வளையத்தை வைத்தார்கள். 1986ல் லோஸார்டான் பிறந்தது. மனிதர்களிடம் சோதித்து, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது வருஷம் 1995. ஒன்பது வருஷம்!

வளையத்தின் மேல் என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு பக்கம் நாலு கார்பன் வால், ஒரு பக்கம் குளோரின், இன்னொரு பக்கம் ஒரு சின்ன ஆல்கஹால் கொத்து. இந்த ஆல்கஹால் கொத்துதான் வேடிக்கை. மாத்திரை உள்ளே போனதும் நம் கல்லீரல் அதில் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுகிறது. மாற்றிய பொருளின் வீரியம் மூல மருந்தைவிடப் பத்திலிருந்து நாற்பது மடங்கு! பாதி வேலையைத் தொழிற்சாலை செய்கிறது. மீதியை உங்கள் கல்லீரல் செய்து முடிக்கிறது. உள்ளே போய்ப் பக்குவமாகும் மருந்தை 'செத்த கெமிக்கல்' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லா மருந்தும் இப்படித் திட்டம் போட்டு வந்ததில்லை. இமிடஸோலுக்குத் தங்கை மாதிரியான இமிடஸோலின் வளையம் கொண்ட கிளோனிடினை ஜெர்மனியில் மூக்கடைப்புக்காகத்தான் 1960களின் தொடக்கத்தில் செய்தார்கள். சளி பிடித்திருந்த ஒரு செக்ரட்டரி அம்மாளின் மூக்கில் சில சொட்டு விட்டார்கள். அந்த அம்மாள் மறுநாள் வரை தூங்கித் தீர்த்துவிட்டார், ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. மூக்கு மருந்து பி.பி. மருந்தானது இப்படி! இதைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் தாவி ஏறும் என்பது தனி அபாயம்.

இப்போது பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை என்று எங்கே போனாலும் கேட்கிற வதந்திக்கு வருவோம். "பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்." டீக்கடையில் ஒருவர் சொல்வார். கல்யாண வீட்டில் மச்சான் சொல்வார். இப்போதெல்லாம் செல்போனில் யாரோ முகம் தெரியாதவர் சொல்கிறார். சில இடங்களில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய 1513 பேரிடம் லோஸார்டானைச் சோதித்து, 2001ல் முடிவை வெளியிட்டார்கள். டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் என்ற கட்டத்துக்குப் போகும் அபாயம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட லோஸார்டான் சாப்பிட்டவர்களுக்கு 28 சதவீதம் குறைவு. 2002ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் இதயச் சுவர் தடித்த பி.பி.காரர்கள் 9193 பேர். அட்டெனோலால் என்ற பழைய மாத்திரை சாப்பிட்டவர்களைவிட லோஸார்டான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தம். மாத்திரை அதைக் காவல் காக்க வந்தது. காவல்காரனை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறக்கிறீர்கள்!

வதந்திக்கு ஒரு சின்ன விதை இல்லாமல் இல்லை. அதையும் மறைக்கக் கூடாது. ஸார்டான் ஆரம்பித்ததும் கிரியாட்டினின் சிலருக்குக் கொஞ்சம் ஏறலாம். பொட்டாசியமும் ஏறலாம். அதனால்தான் ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இரண்டுமே சுருங்கியிருப்பவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் இந்த மாத்திரையில் இருந்தால், நாள் தள்ளும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று. சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுப்பது வழக்கம். ஸார்டான் சாப்பிடுகிறவருக்கு விசாரிக்காமல் பேதி மருந்து கொடுத்தால், உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் சட்டென்று தடுமாறிவிடும். வாந்தி பேதி வியாதிக்கும் இதே கதைதான். அந்த நாட்களில் மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். நம்மிடம் வரும் பி.பி.காரர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் கை நீட்டி நாடி பார்ப்பவரை நான் வைத்தியர் என்று சொல்ல மாட்டேன்.

"நம்மகிட்டயே பி.பி.க்கு வேர் இருந்துச்சே டாக்டர்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது. சர்ப்பகந்தி. பீகார் பக்கம் பைத்தியத்துக்கு மருந்து என்றே அதற்குப் பெயர். 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இது மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தாகும் என்று எழுதினார்கள். அதே சமயத்தில் டில்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து சில பொருட்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் பெயரால் அஜ்மலின் என்று பெயர் வைத்தார். பம்பாயில் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளுக்குக் கொடுத்து, கணக்கு எடுத்து, 1949ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெஸர்பின் என்ற மூலப்பொருளைப் பிரித்தது. 1956ல் ஹார்வர்டில் உட்வர்ட், வேரே இல்லாமல் ரெஸர்பினைக் குடுவையில் உண்டாக்கிக் காட்டினார்.

நம் வேர், அவர்கள் மருந்து என்று புலம்புவது சுலபம். என் வருத்தம் வேறு. ஒரே காட்டில் தோண்டிய இரண்டு வேர்களில் ரெஸர்பின் ஒரே அளவு இருக்காது. ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு மருந்து போகிறது என்று வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அளவு மீறினால் மூக்கடைப்பு, மந்தம், மன வாட்டம். சிலருக்கு மனச்சோர்வு தற்கொலை எண்ணம் வரை போனதால் ரெஸர்பினே பின்னால் ஒதுங்கிவிட்டது. இதற்குள் வேரைத் தோண்டித் தோண்டி, செடி சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறும் நிலைக்கு வந்துவிட்டது. 'சர்ப்பகந்திப் பொடி, பக்க விளைவே இல்லை' என்று இன்றும் விற்கிறார்களே, அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒரு ஸ்பூனில் ரெஸர்பின் எவ்வளவு?" பதில் வராது.

நம்மவர்களுக்கு அந்த வித்தை வராது என்பதில்லை. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் செடிகொடிகளின் மூலப்பொருட்களை ஆராய்ந்து, அங்கே முதல்வராகவும் இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரிதான் 1963ல் பம்பாய் கோரேகானில் சீபா தொடங்கிய ஆராய்ச்சி மையத்துக்கு முதல் இயக்குநர். இன்றும் நம் ஊர் பார்மசி கல்லூரிகளில் இமிடஸோல் வளையத்தில் புதுப்புதுக் கொத்துகளை ஒட்டிப் பார்க்கும் மாணவர்கள் ஏராளம். பெரும்பாலும் ப்ராஜெக்ட் புத்தகம் பைண்டு ஆனதோடு சரி. மேற்கொண்டு எலியில், பிறகு மனிதரில் சோதிக்கப் பணம் யார் தருவார்? தாம்பரம் சானடோரியத்தில் 2005ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், நாலு கிலோமீட்டரில் இருக்கும் பார்மசி கல்லூரியும் சேர்ந்து உட்கார்ந்து, மருதம்பட்டையில் எது வேலை செய்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று டகேடாவும் டூபான்ட்டும் பார்த்த மாதிரி பார்க்க வேண்டாமா? எனக்கு இருக்கிற ஆசை அது.

அதற்காக மாத்திரைக் கம்பெனிகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. 1970ன் காப்புரிமைச் சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். 2005 வரை அந்த நிலை இருந்தது. அதனால் நம் கம்பெனிகள் லோஸார்டானை வேறு வழிகளில் செய்து மலிவாக விற்றன. நல்லதுதான். ஆனால் வழியை மாற்றும்போது சுத்தத்திலும் கண் வேண்டும். 2018 ஜூலையில் சீனாவில் தயாரான வல்ஸார்டானில் நைட்ரஸமின் என்ற புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது வெளியே வந்து, உலகம் முழுக்க மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2019ல் இந்தியாவில் தயாரான லோஸார்டானிலும் அதே இனத்து மாசு. எங்கிருந்து வந்தது? அந்த டெட்ரஸோல் வளையத்தைக் கட்டும் கட்டத்திலிருந்து! அதற்கு சோடியம் அஸைடு என்ற பொருள் தேவை. மிச்சமான அஸைடை அழிக்க நைட்ரைட்டைச் சேர்த்தார்கள். கரைப்பானில் இருந்த துளி அமினோடு அது கூடி நைட்ரஸமின் ஆகிவிட்டது. மகசூலைக் கூட்ட வழியை மாற்றினார்கள். கூடவே புதிதாக என்ன பிறக்கிறது என்று தேடவில்லை.

எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் சுத்தி குறைவு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் உடம்பெல்லாம் புண்ணாகும் என்று முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். கோடிக்கணக்கான பேர் தினமும் விழுங்கும் மருந்துக்கு அந்த ஜாக்கிரதை இல்லாமல் போனது மன்னிக்க முடியாதது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாசு இருப்பதை நானோகிராம் கணக்கில் அளந்து கண்டுபிடித்தார்கள், பேட்ச் நம்பர் சொல்லித் திரும்ப வாங்கினார்கள். அப்போதும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 'மாற்று மாத்திரை கைக்கு வரும் வரை இருப்பதை நிறுத்தாதீர்கள்' என்றே சொன்னது. நிறுத்துவதில் ஆபத்து அதிகம் என்பதால். நம் தெரு லேகிய டப்பாவில் பேட்ச் நம்பர் இருக்கிறதா? சில டப்பாக்களில் தயாரித்தவர் பெயரே இல்லை!

"அப்போ சித்த வைத்தியத்துக்கு பி.பி.யில வேலையே இல்லையா?" என்று கோபப்படாதீர்கள். எங்கள் நாடி நூல்கள் வாத, பித்த, ஐய நடையைச் சொல்கின்றன. 140க்கு 90 என்ற எண்ணைச் சொல்லவில்லை. ரீவா-ரோச்சி என்ற இத்தாலியர் 1896ல் கையில் கட்டும் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த எண் பிறந்தது. எண்ணை இறக்க எண்ணைப் பார்த்துச் செய்த மருந்து இருக்கிறது. தூக்கம், மலச்சிக்கல், உடல் பருமன், மனப் பதட்டம், நாக்கு... இவற்றில் எங்களுக்கு நிறைய வேலை உண்டு. தினமும் நடந்து, எடையைக் குறைத்து, உப்பைக் குறைத்தவருக்கு அவருடைய டாக்டரே மாத்திரையைக் குறைத்திருக்கிறார். குறைக்க வேண்டியவர் அவர்; நானும் இல்லை, நீங்களும் இல்லை.

உப்பு என்றதும் 'நாங்க இந்துப்புக்கு மாறிட்டோம்' என்பார்கள் தாய்மார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான் அம்மா! ஒரு நாளைக்கு எல்லா உப்பும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ஸார்டான் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்கள் தினமும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு என்று இறங்குவதும் அதே காரணத்தால் ஆபத்து. தொண்டைக் கமறலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே இருக்கிறீர்களா? அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, அழுத்தத்தை ஏற்றும். என் கடைச் சரக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்! மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அழுத்தத்தை ஏற்றும், ஸார்டானோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் வாட்டும்.

இன்னொன்று. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 25,620 பேரிடம் நடந்த ஆய்வு 2008ல் வெளியானது. டெல்மிஸார்டான், ராமிப்ரில் இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக இரண்டும் சமம். சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நன்மை இல்லை. தலைசுற்றல், மயக்கம், சிறுநீரகத் தொல்லைதான் கூடியது. பழைய டாக்டர் எழுதியது ஒன்று, புது டாக்டர் எழுதியது ஒன்று என்று இரண்டையும் விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருப்பதால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே இன்று ராத்திரி மாத்திரை டப்பாவை எடுத்து, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரனைக் கூப்பிடுங்கள். 'ஸார்டான்' என்று முடிவது ஒன்றும் 'ப்ரில்' என்று முடிவது ஒன்றும் ஒரே டப்பாவில் இருந்தால், இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே உங்கள் டாக்டரைப் பாருங்கள்.